லண்டன் சட்ட நிறுவனங்கள் பல்கலைக்கழகப் பெயரைப் பார்க்கின்றனவா?

லண்டனின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் ஆள் எடுப்பவரிடம் போய், "ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பிள்ளைகளைத்தான் எடுப்பீர்களாமே?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லவே இல்லை என்பார். எங்கள் ட்ரெய்னிகள் (பயிற்சியில் இருக்கும் இளம் வழக்கறிஞர்கள்) இத்தனை பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் என்று ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்வார். அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து நாற்பது பேரும், வேறு இருபதிலிருந்து தலா ஒருவரும் வந்திருந்தாலும் ‘21 பல்கலைக்கழகங்கள்’ என்று தாராளமாக எழுதிக்கொள்ளலாம். எத்தனை பெயர்கள் என்பதைச் சொல்வார்கள்; எந்தப் பெயரிலிருந்து எத்தனை பேர் என்பதைக் கேட்டால்தான் பேச்சு கொஞ்சம் மெதுவாகும்.

சாய்வு இருக்கிறதா என்றால், பெரிய நிறுவனங்களில் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பலரும் நினைப்பதுபோல, யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து சி.வி.யில் ‘ஆக்ஸ்ஃபோர்டு’ என்ற சொல்லைப் பார்த்ததும் இளகிவிடுவதால் மட்டும் வருவதில்லை இந்தச் சாய்வு. அதன் பெரும்பகுதி விண்ணப்பம் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மிச்சம், நேர்காணல் அறையில் ‘இவர் நம்மவர் மாதிரி இருக்கிறார்’ என்ற எண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கும் சி.வி. மேசையைத்தான் எல்லாரும் திருத்தப் பார்க்கிறார்கள்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி, ஆவணம் தயாரிக்கும் வழக்கறிஞர்) ஆக இரண்டு ஆண்டு வேலைப் பயிற்சி தேவை. ஒரு நிறுவனத்தில் அதற்காகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட். அதில் சேர்ந்தவர் ட்ரெய்னி. வழக்கமாக ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவுகளில் வேலை பழகுவார். ஒவ்வொன்றையும் ‘சீட்’ என்பார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் பேருக்கு இப்படி இடம் கிடைக்கிறது. எல்லா இடமும் ஒன்றல்ல. உச்சியில் ‘மேஜிக் சர்க்கிள்’ என்று பெயர் வாங்கிய ஐந்து நிறுவனங்கள்: ஏ அண்ட் ஓ ஷியர்மன், கிளிஃபோர்ட் சான்ஸ், ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ், லிங்க்லேட்டர்ஸ், ஸ்லாட்டர் அண்ட் மே. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு ட்ரெய்னிகளை எடுக்கும். முதல் ஆண்டுச் சம்பளமே 50,000 பவுண்டுக்கு மேல். பயிற்சி முடித்துச் சொலிசிட்டர் ஆன நாளிலிருந்து 1,50,000 பவுண்டு. 2024-ல் ஒரு நிறுவனம் இந்தத் தொகையை அறிவிக்க, மற்றவையும் பின்னாலேயே வந்தன. லண்டனில் அலுவலகம் வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் சில இதற்கும் மேலே கொடுக்கின்றன, ஆனால் அவை எடுக்கும் ட்ரெய்னிகள் மிகக் குறைவு. எல்லாக் கண்களும் இந்தச் சில நூறு இடங்களின் மேல்தான். ஒரே நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிகிறது.

இந்த நிறுவனங்களில் ட்ரெய்னி ஆகச் சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னால் நம்மூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். பெரிய நிறுவனங்களின் ட்ரெய்னிகளில் பாதிக்கு அருகில் வரலாறு, மொழிகள், பொருளியல் என்று வேறு எதையாவது படித்தவர்கள். அவர்கள் ஓராண்டு மாற்றுப் படிப்பு படித்துச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அதற்கான கட்டணத்தையும், கைச்செலவுக்குப் பணத்தையும் நிறுவனமே தருகிறது. இதை வைத்துப் பார்த்தால் சாய்வு எதில் என்று புரியும். கேம்பிரிட்ஜில் மூன்று ஆண்டு லத்தீன் படித்த ஒருவருக்கு ஒப்பந்தச் சட்டத்தை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுக்கச் செலவு செய்கிறார்கள். பழைய பாலிடெக்னிக் ஒன்றில் மூன்று ஆண்டும் சட்டமே படித்து நல்ல வகுப்பில் தேறிய மாணவி முதல் சல்லடையிலேயே கீழே விழுந்துவிடுவது அரிதல்ல. அப்படியானால் நிறுவனம் தேடுவது சட்ட அறிவை இல்லை. பதினெட்டு வயதில் கடினமான ஒரு வாசலைத் தாண்டி உள்ளே போனார் என்ற சான்றைத் தேடுகிறது.

பாலிடெக்னிக் என்றதால் ஒரு சின்ன விளக்கம். 1992-ல் வந்த சட்டத்தால் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. முப்பது ஆண்டு கடந்தும் அவற்றை ‘தொண்ணூற்றிரண்டுக்குப் பிந்தியவை’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். மறுபக்கம் ரஸல் குரூப். 1994-ல் லண்டன் ஹோட்டல் ரஸலில் கூடிப் பேசிய துணைவேந்தர்கள் அமைத்த குழு. இன்று 24 பல்கலைக்கழகங்கள். ஆராய்ச்சிப் பணத்துக்காகக் கூடிய குழு எப்படியோ நல்ல பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு பெயராகிவிட்டது. டரம், எக்ஸிடர், யார்க், குயின் மேரி ஆகிய நான்கும் 2012-ல்தான் இதில் சேர்ந்தன. சேர்ந்த மறுநாள் அங்கே பாடம் நடத்தும் விதம் மாறியிருக்காது. ஆனால் பெற்றோர்கள் பேச்சில் மாறியிருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் இன்றும் அதில் இல்லை; அதற்காக அதை யாரும் குறைவாக நினைப்பதும் இல்லை.

இனி முக்கியமான விஷயம், தேதிகள். இங்கிலாந்தில் சட்டப் பட்டம் மூன்று ஆண்டு. பெரிய நிறுவனங்கள் ட்ரெய்னிகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன. எனவே சட்ட மாணவர் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் பல நிறுவனங்களில் நேரடியாக ட்ரெய்னிங் கான்ட்ராக்டுக்கு இல்லை, வெகேஷன் ஸ்கீமுக்கு. விடுமுறையில் ஓரிரு வாரம், சில இடங்களில் மூன்று வாரம், சம்பளத்தோடு அலுவலகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் பிடித்துப்போனவர்களுக்கே பெரும்பாலான இடங்கள் போகின்றன. இதற்கும் முன்னால் முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுகத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மனுப் போடும் காலம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் பருவம் முடிவதற்குள் தொடங்கிவிடுகிறது.

அப்போது நிறுவனத்தின் கையில் என்ன இருக்கும்? பட்டம் கிடையாது. முதலாண்டு மதிப்பெண் இருந்தால் உண்டு. மிஞ்சுவது ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணும் பல்கலைக்கழகத்தின் பெயரும். பெயரே ஏ லெவல் மதிப்பெண்ணால் கிடைத்ததுதான். ஆக, பதினெட்டு வயதில் எழுதிய ஒரு பரீட்சையை இரண்டு முறை எண்ணுகிறார்கள், அது யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த வயதில் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, பகுதிநேர வேலை பார்த்து, சுமாரான பள்ளியில் படித்தவர் பல்கலைக்கழகத்தில் போய் மலர்ந்தாலும் அந்த மலர்ச்சி நிறுவனத்துக்குத் தெரிய வரும்போது இடங்கள் தீர்ந்துபோயிருக்கும்.

பந்திக்கு முந்து என்பது இங்கேதான் பொருந்தும், ஆனால் பந்தி எப்போது என்று தெரிந்தால்தானே முந்துவது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த மாணவருக்கு அது தானாகவே தெரிகிறது. அக்டோபர் பிறந்தால் நிறுவனங்கள் அங்கே போய் விருந்து வைத்துப் பேசுகின்றன. மாணவர் சட்டச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கின்றன. முந்தைய ஆண்டு இடம் பிடித்த சீனியர் அதே கல்லூரியில் இருக்கிறார். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கிறார். நிறுவனங்களின் கல்லூரிச் சுற்றுப்பயணம் ஒரு குறுகிய பட்டியலைத் தாண்டுவதில்லை, அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ரஸல் குரூப்தான். பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகத்தின் மாணவர், மூன்றாம் ஆண்டு முடிவில் நல்ல மதிப்பெண்ணோடு ‘இனி விண்ணப்பிக்கலாம்’ என்று எழுந்து வருகிறார். யாரும் அவரை ஒதுக்கவில்லை. அவர் வந்துசேரவே இல்லை, அவ்வளவுதான். பிறகு ‘எங்களுக்கு அங்கிருந்து விண்ணப்பமே வருவதில்லை’ என்று நிறுவனம் சொல்வதும் ஒரு விதத்தில் உண்மையாகிவிடுகிறது.

நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மேல் இரண்டாம் வகுப்பு என்பது, அதாவது ‘டூ ஒன்’, ஒரு காலத்தில் நல்ல வேலி. இப்போது அந்த வேலியை எல்லாரும் தாண்டுகிறார்கள். இங்கிலாந்தில் முதல் வகுப்புப் பட்டம் வாங்குவோர் 2010-11-ல் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில் இருந்தார்கள். 2020-21-ல் முப்பத்தேழுக்கு மேல். வகுப்பு எதையும் பிரித்துக் காட்டாதபோது, ஆள் எடுப்பவர் பெயரைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. ஒரு ட்ரெய்னியைத் தவறாக எடுத்துவிட்டால் படிப்புச் செலவு, இரண்டு ஆண்டுச் சம்பளம் என்று பெருந்தொகை போகும். வங்கிகளும் பெருங்கம்பெனிகளும் மணிக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு கட்டணம் கொடுக்கின்றன. ஆவணத்தைத் தயாரித்த இளைஞர் எங்கே படித்தவர் என்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

2015-ல் பிரிட்டிஷ் அரசின் சமூக உயர்வு ஆணையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்லி தலைமையில், உயர்மட்ட சட்ட, கணக்கியல், நிதி நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்களிடம் நீண்ட நேரம் பேசி எழுதியது. அதில் ஒருவர் சொன்னதன் சாரம் இது: மற்றப் பல்கலைக்கழகங்களிலும் வைரம் இருக்கும், புள்ளிவிவரப்படி இருந்தே தீரும், ஆனால் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு சேற்றை அலச வேண்டியிருக்கும்? நேர்மையான பேச்சு. ‘சேறு’ என்று யாரைச் சொல்கிறார் என்பதை யோசித்தால் வாய் கசக்கும், ஆனால் இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே ஒளிவுமறைவு இல்லாத பதில் இதுதான். திறமை அங்கே இல்லை என்று அவர் நினைக்கவில்லை. தேடுகிற செலவைத்தான் எண்ணுகிறார்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு உண்டு. சில நிறுவனங்களில் 2014-ல் வேலை கிடைத்தவர்களில் 70 விழுக்காடு வரை, கட்டணப் பள்ளியிலோ நுழைவுத் தேர்வு வைக்கும் அரசுப் பள்ளியிலோ (கிராமர் பள்ளி போன்றவை) படித்தவர்கள். நாட்டு மக்களில் அந்த இரு வகைப் பள்ளிகளில் படித்தவர்கள் முறையே 7, 4 விழுக்காடுதான். பல்கலைக்கழகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பது இதில் தெரிகிறது. லண்டன் தமிழர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டன், கிங்ஸ்டன் பக்கத்துக் கிராமர் பள்ளிகளுக்காக ஒன்பது வயதிலிருந்து ட்யூஷன் அனுப்பும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அந்தப் பள்ளிகளில் இடம் பிடித்த தமிழ்ப் பிள்ளைகள், இந்தக் கணக்கில் சலுகை பெற்ற அந்தச் சிறுபான்மைக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் படித்து, செலவை நினைத்து வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளையின் கதை வேறு.

சரி, திருத்த என்ன செய்தார்கள்? அதிகம் பேசப்பட்டது கிளிஃபோர்ட் சான்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு. கடைசி நேர்காணலில் கேள்வி கேட்பவர்களுக்கு மாணவரின் பள்ளியோ பல்கலைக்கழகமோ தெரியாது. இது 2014 தொடக்கத்தில் செய்தியானது. முதல் ஆண்டிலேயே, எடுத்த நூறு பேர் 41 கல்வி நிறுவனங்களிலிருந்து வந்தார்கள், முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிகமான நிறுவனங்கள் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கை இந்த 41-க்கும் பொருந்தும். அதோடு, கண்ணைக் கட்டிக்கொண்டது கடைசி வாசலில். அந்த வாசல்வரை வந்தவர்களைத் தேர்ந்தெடுத்த முன் வாசல்களில் கண் திறந்தே இருந்தது.

எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் முறை, 2015-ல் ரேர் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் அறிமுகப்படுத்தியது. மறைப்பதற்குப் பதில் இது இன்னும் கூடுதலாகப் பார்க்கச் சொல்கிறது. மாணவரின் ஏ லெவல் மதிப்பெண்ணை அவர் படித்த பள்ளியின் சராசரியோடு வைத்துப் பார்க்கும். எல்லாரும் ‘ஏ’ வாங்கும் பள்ளியில் மூன்று ‘ஏ’ வாங்கியவரும், பெரும்பாலோர் ‘சி’, ‘டி’ வாங்கும் பள்ளியில் ‘ஏ’, ‘பி’, ‘பி’ வாங்கியவரும் ஒன்றா? பள்ளியில் இலவச உணவு பெற்றவரா, அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவரா, அகதியாக வந்தவரா என்றும் கேட்கும். பெரிய நிறுவனங்கள் பல இன்று இதைப் பயன்படுத்துகின்றன. விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்விகள் வரும்போது, ‘இதையெல்லாம் ஏன் வெளியே சொல்ல வேண்டும்’ என்று நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு வெறுமையாக விடக்கூடாது. நிரப்பினால்தான் கணக்கில் சேரும்.

இதோடு வாட்சன் கிளேசர் என்ற தேர்வும் உண்டு. கொடுத்த செய்தியிலிருந்து எது உறுதியாகத் தெரிகிறது, எது வெறும் ஊகம், எந்த வாதம் வலுவானது என்று பிரிக்கச் சொல்லும் பல்தேர்வு வினாக்கள். பல்கலைக்கழகப் பெயர் இதற்குத் தெரியாது என்பது இதன் நல்ல குணம். பழகினால் மதிப்பெண் ஏறும் என்பது இன்னொரு குணம். யாருக்குப் பழக வாய்ப்பு இருக்கிறது என்ற கேள்வி அதோடு வந்துவிடும்.

நேர்காணல் அறைக்கு வருவோம். ஆஷ்லியின் ஆய்வில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘பாலிஷ்’. பேச்சில் தயக்கமின்மை, உச்சரிப்பு, கண்ணைப் பார்த்துப் பேசுவது, பயணம் போன ஊர்களைப் பற்றிச் சகஜமாக உரையாடுவது. இதற்கு யாரும் மதிப்பெண் போடுவதாகச் சொல்வதில்லை. போடுகிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதை அளந்தே காட்டியது. லாரன் ரிவேரா, ஆந்திராஸ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 14 நகரங்களில் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் பெயரில் விண்ணப்பம் அனுப்பினார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் இரண்டாம் தரச் சட்டக் கல்லூரிகளில் முன்னணி மாணவர்கள், மதிப்பெண் ஒன்று, அனுபவம் ஒன்று. வேறுபாடு சில வரிகளில்தான். ஒருவருக்குப் பொழுதுபோக்கு பாய்மரப் படகு, போலோ, மேற்கத்திய செவ்வியல் இசை. மற்றவருக்கு ஓட்டப்பந்தயம், தெருக் கால்பந்து, கன்ட்ரி இசை. வசதியான வீட்டு ஆணுக்கு நூற்றுக்கு 16 இடங்களில் அழைப்பு வந்தது. எளிய வீட்டு ஆணுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை, நான்குக்கும் கீழே. குடும்பத்துக்காக வேலையை விட்டுப் போய்விடுவாள் என்ற சந்தேகம் அவளைத் தடுத்தது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நாடு வேறு, முறை வேறு. ஆனால் கல்லூரிப் பெயரைச் சமமாக்கிய பிறகும் வர்க்கம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான சோதனையை நான் பார்த்ததில்லை.

பெயருக்காக எடுத்தவர்கள் வேலையில் சிறந்து விளங்குகிறார்களா? பிரிட்ஜ் குரூப் என்ற அமைப்பு 2018-ல் பெரிய சட்ட நிறுவனங்கள் சிலவற்றின் இளம் வழக்கறிஞர்களைப் பற்றி ஆராய்ந்தது. செயல்திறனில் உச்சத்தில் இருக்கும் பத்து விழுக்காட்டுக்குள் வரும் வாய்ப்பு, கட்டணப் பள்ளியில் படித்தவர்களைவிட அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதிகம் என்றது. உள்ளே வருவதற்கே இரண்டு மடங்கு சுமை தூக்கியவர்கள் என்பதால் இருக்கலாம். வைரத்துக்காகச் சேறு அலசுவது நட்டம் என்ற கணக்கு, வியாபாரமாகப் பார்த்தாலும் அவ்வளவு பிசகில்லாத கணக்கு இல்லை.

2021 செப்டம்பரில் சொலிசிட்டர் ஆவதற்கான எஸ்.க்யூ.ஈ. என்ற பொதுத் தேர்வு வந்தபோது பலர் இதெல்லாம் மாறும் என்று எதிர்பார்த்தார்கள். இனி எங்கே படித்தாலும் எல்லாரும் ஒரே தேர்வு எழுத வேண்டும்: முதல் கட்டத்தில் 360 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் கட்டத்தில் செய்முறை. நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோல் கிடைத்துவிட்டதே, பல்கலைக்கழகப் பெயர் எதற்கு? கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள் ஆளை எடுத்து முடித்த பிறகுதான் அவர் இந்தத் தேர்வையே எழுதுகிறார். தேர்வுக்கட்டணமே 5,000 பவுண்டை ஒட்டி வருகிறது. இடம் கிடைத்தவருக்கு நிறுவனம் கட்டும், கிடைக்காதவர் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும். அளவுகோல் சரியாக இருந்தும் அளக்கும் நேரம் தப்பிப்போனது.

எஸ்.க்யூ.ஈ. உண்மையில் வழி திறந்தது வேறு இடத்தில். இரண்டு ஆண்டுப் பயிற்சியை இப்போது நான்கு இடங்கள்வரை பிரித்துச் சேர்க்கலாம். பாராலீகலாக (சொலிசிட்டர் ஆகாத சட்ட உதவியாளராக) பார்த்த வேலை, சட்ட உதவி மையத்தில் பார்த்த வேலை எல்லாம், முறைப்படி உறுதிசெய்யப்பட்டால் கணக்கில் வரும். முன்பெல்லாம் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பாராலீகலாகவே ஆண்டுக்கணக்கில் தேய்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஈலிங், வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் சிறு அலுவலகங்களில் ரஸல் குரூப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வீடு வாங்கும் பத்திரமும் விசா மனுவும் தஞ்ச வழக்கும்தான் அங்கே வேலை. தமிழில் கட்சிக்காரரிடம் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு அங்கே மதிப்பு உண்டு. சம்பளம்தான் வேறு உலகம். ட்ரெய்னிகளுக்கான கட்டாயக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒழுங்காற்று அமைப்பு 2014-லேயே எடுத்துவிட்டது. நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலியைச் சட்டப்படி கொடுத்தால் போதும். ஒரே தேர்வு எழுதி ஒரே பட்டியலில் பெயர் பதியும் இருவரில் ஒருவர் வாங்குவது மற்றவரைப்போலப் பல மடங்கு.

பல்கலைக்கழகப் பெயரே இல்லாமல் உள்ளே போகும் வாசலும் ஒன்று திறந்திருக்கிறது. ஏ லெவல் முடித்ததும் நேராக நிறுவனத்தில் சேர்ந்து, ஆறு ஆண்டு சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் எஸ்.க்யூ.ஈ.யும் முடிக்கும் சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப். பத்து ஆண்டுக்கு முன் அரிதாக இருந்தது. இப்போது லண்டனின் பெரிய நிறுவனங்களும் எடுக்கின்றன. படிப்புக் கடன் கிடையாது. நம் வீடுகளில் ‘பல்கலைக்கழகம் போகாமல் வேலைக்கா’ என்று முகம் சுளிப்பார்கள் என்பதைத் தவிர இதில் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதற்கும் கேட்பது ஏ லெவல் மதிப்பெண்தான், மனுப் போட வேண்டிய காலம் பன்னிரண்டாம் வகுப்பை ஒத்த கடைசிப் பள்ளி ஆண்டு.